பச்சைப் பெயிண்டுக்கு அடியில்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் ராமசேஷன். ஆனால் அவர் கேட்டது இந்தக் கதையை அல்ல.

1964இல் தென்காசியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஓர் அருங்காட்சியகம் தொடங்கினோம். அவர் செயலாளர். முப்பதுகளில் குற்றாலத்துக்கு ஓடி, பிறகு ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த பஸ் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. திறப்புவிழா மலருக்கு அதைப் பற்றி இனிமையாக ஒரு கதை வேண்டும் என்றார்.

முதல் வரி: "சாரல் காற்றில் தலையாட்டியபடி அந்த பஸ்..."

(விட்டுவிட்டேன். பஸ் தலையாட்டாது.)

2

துருவைச் சுரண்ட வந்தவள் இலத்தூர் முருகம்மாள். மூன்றாம் நாள், கதவுக்கு மேலே பச்சைப் பெயிண்டுக்கு அடியிலிருந்து எழுத்துகள் வெளிவந்தன: "பஞ்சமருக்கு இடமில்லை."

(அதே பஸ்ஸில் சிறுவயதில் பலமுறை போயிருக்கிறேன். இதைப் படித்த நினைவில்லை. இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன்.)

"மேல பெயிண்ட் அடிச்சுடச் சொல்லுங்கோ. நல்ல நாளும் அதுவுமா இது எதுக்கு?" என்றார் ராமசேஷன்.

"எங்களுக்குன்னு எழுதினதுல்லா, இருக்கட்டும். மறைக்கணும்னா வண்டியவே எடைக்குப் போட்டுருங்க" என்றாள் முருகம்மாள். சுரண்டியை அவள் கீழே வைக்கவில்லை.

3

ஏன் என்று கேட்டேன். அவள் சிறுமியாக இருந்தபோது, குற்றாலத்தில் பாறை வழுக்கி அவள் தாய் செண்பகவல்லிக்குக் கால் முறிந்தது. இந்த பஸ் ஏற்றிக்கொள்ளவில்லை. தென்காசி ஆஸ்பத்திரிவரை கட்டிலில் வைத்துத் தூக்கிப்போனார்கள்.

என் கதையில் தாயை வழியிலேயே சாகடித்தேன். வாசித்துக் காட்டியதும் முருகம்மாள் முகம் மாறியது.

"எங்க அம்மை சாகலையே. நொண்டிக்கிட்டே இன்னைக்கும் நாத்து நடுதா. அவள எதுக்கு ஐயா கொல்லுதீய?"

"படிக்கிறவங்க மனசு இளகுமேன்னு..."

"அவிய இளகதுக்கு எங்க அம்மை சாவணுமா?"

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

4

திறப்புவிழாவன்று எழுத்து அப்படியே இருந்தது. பெயிண்டர் மந்திரமூர்த்தியை முருகம்மாள் பஸ் பக்கமே விடவில்லை. ராமசேஷன் எழுத்தின்மேல் மாவிலைத் தோரணம் கட்டிவைத்தார்.

செண்பகவல்லி கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். தோரணத்தைக் கம்பால் ஒதுக்கி, மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு சிரமப்பட்டு ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தாள்.

"இது பார்க்கறதுக்கு வச்சிருக்கும்மா. உட்காரப்படாது. இறங்குங்கோ" என்றார் ராமசேஷன்.

"எறங்க மாட்டேன்."

அடுத்து நடந்தது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். முடிவு வேண்டும் என்பவர்கள் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவளை இறக்கித்தான் முடிப்பீர்கள் என்றால், அந்தப் படியில் ஏறிப்போய் நீங்களே அவளிடம் சொல்ல வேண்டியிருக்கும்.