அசீம் காது வைக்காத தரை

முகமது அசீம் தரையில் காதை வைத்தால் கீழே கிடக்கும் தண்ணீரின் சத்தம் கேட்கும். நெய்வேலிப் பக்கத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிலக்கரிக்கு அடியில் நீர் முட்டிக்கொண்டு கிடக்கிறது, ஓயாமல் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பிளந்துவிடும் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அவன் அத்தா நூருல்லா அந்தப் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் கான்ட்ராக்ட் தொழிலாளி. இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் பம்பிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, எது கெடப்போகிறது என்று சொல்லிவிடுவார். அடுத்த வருடம் பெர்மனென்ட் ஆகிவிடும் என்று ஒவ்வொரு வருடமும் சொன்னார். தலை நரைத்தது.

அசீம் படித்துவிட்டு பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வேலைக்குப் போனான். ஒரு மதியம் அங்கே நாலாவது மாடித் தரையில் படுத்தபோது கீழே தண்ணீர் முட்டியது. கம்பெனி சம்பளத்தோடு கொடுத்திருந்த பங்குகளை விற்றுவிட்டு வெளியேறினான். அடுத்த மாதம் அந்தத் தரை நடுவில் பிளந்து நாற்காலிகள் மிதந்தன. குழாய் உடைப்பு என்று எழுதி முடித்தார்கள். அதன்பின் புதுக் கம்பெனிகளில் சொந்தப் பணத்தைப் போடுவதே அவன் தொழிலாயிற்று. மற்ற முதலீட்டாளர்கள் வரவு செலவைக் கேட்டார்கள். அசீம் தரையில் படுத்தான். பாய் விரித்துக் கொடுத்தால் சுருட்டி வைக்கச் சொன்னான், பாய் சத்தத்தைத் தின்றுவிடும். காய்ந்த தரைகளில் மட்டும் போட்டான். எல்லாம் விளைந்தது.

அவன் கேட்டதிலேயே காய்ந்த தரை, விஜயராஜ் தொடங்கிய புதுக் கம்பெனியுடையது. விஜயராஜும் நெய்வேலி சுரங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். பம்பின் சத்தத்தைக் கேட்டு, கெடும் முன்பே சொல்லும் கருவி அவனுடையது. ஆனால் அதற்குச் சத்தங்களைப் பிரிக்கத் தெரியவில்லை. அசீம் பணத்தோடு அத்தாவையும் கொடுத்தான். நூருல்லா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மகன் கம்பெனி என்ற பெருமையில் ஒரு வாரம் மைக் முன்னால் உட்கார்ந்து, இது பேரிங் போகிற சத்தம், இது காற்று ஏறுகிற சத்தம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மழைக்காலத்துக்குள் கான்ட்ராக்டர் அந்தக் கருவியை வாங்கினார். வேலையிலிருந்து முதலில் நிறுத்தப்பட்டவர் நூருல்லா.

அவர் கம்பியோடு வடலூர் வீட்டுக்கு வந்த அன்று கூடத்துத் தரை பிளந்தது. வெதுவெதுப்பான நீர் முழங்கால் வரை ஏறி நின்றது. வாசற்படியைத் தாண்டிச் சொட்டுகூடப் போகவில்லை. அசீமின் அம்மா தாஜ் பீவி அடுப்பைப் பரணில் ஏற்றிச் சமைத்தாள். பக்கத்து வீட்டுக் கலியம்மாள் துணி அலச வந்துபோனாள்.

அசீம் காரில் வந்தான். “பெங்களூர் வந்துடுங்கத்தா. இந்த வூடு நிக்காது.”

நூருல்லா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “ஊரான் தரையிலெல்லாம் படுத்துகினு கேட்டியே, இங்க ஒருநாள் படுத்தியாடா?”

“அவன் எங்கங்க படுத்தான்?” என்றாள் தாஜ் பீவி. “வந்தாலும் ஏசி வேணும்னு ஓட்டல்லதான ரூம் போட்டுகினு இருந்தான்.”

அசீம் நல்ல சட்டையோடு தண்ணீரில் மண்டியிட்டு, தலையை அமிழ்த்தித் தரையில் காதை வைத்தான். அத்தாவின் குரல் கேட்டது. இது பேரிங் போகிற சத்தம், இது காற்று ஏறுகிற சத்தம். மூச்சு முட்டும்வரை கேட்டுவிட்டு எழுந்தான். “மன்னிச்சிடுங்கத்தா” என்றான்.

“பம்பு ஒண்ணு வாங்கிகினு வா” என்றார் நூருல்லா.

வந்த பம்பில் விஜயராஜின் கருவி பொருத்தியிருந்தது. நூருல்லா அதைப் பிடுங்கிக் கலியம்மாளிடம் கொடுத்தார்; அவள் ஊறுகாய் ஜாடி மூடிமேல் பாரமாக வைத்திருக்கிறாள். வீட்டு நீர் இப்போது அவள் நிலத்துக்குப் பாய்கிறது, இரண்டு போகம் விளைகிறது. அது வற்றுவதில்லை. நூருல்லா மூன்று ஷிப்டும் கம்பியைக் காதில் வைத்துக்கொண்டு பம்பின் பக்கத்தில் இருக்கிறார். நூருல்லா பாய் ஒருவழியாக பெர்மனென்ட் ஆகிவிட்டார் என்று தெருவில் சொல்கிறார்கள். அசீம் மாதாமாதம் டீசல் அனுப்புகிறான். நூருல்லா டிரம்மை இறக்கிக்கொண்டு, அவன் போனை எடுக்காமல் விட்டுவிடுகிறார்.