ஊர்க்கட்டு

...மேளச் சத்தம் கேட்கிறது, கேட்கட்டும், காதைப் பொத்திக்கொள்ள நான் என்ன பச்சைப்பிள்ளையா, என் பேரனுக்குத்தானே காது குத்துகிறார்கள், என் மகள் ஆத்தாயி பெற்ற பிள்ளைக்கு, அவள் மாமனார் சென்னிமலை வீட்டு வாசலில்... நான் போக முடியாது, ஊர்க்கவுண்டன் நானே போட்ட கட்டு. பொதுக் கிணற்றில் குப்பாயியின் முறைத் தண்ணீரை அந்த ஆள் மடக்கிக்கொண்டார், புருஷனை இழந்தவள் தனியாளாக வைத்த மஞ்சள் பயிர் காய்கிறது, கேட்டால் "செய்யறதச் செய்யுங்க சம்பந்தி" என்று சிரிக்கிறார். தண்ணீர் விடும்வரை அந்த வீட்டில் யாரும் கை நனைக்கக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது என்றேன், கூட்டத்தில் அத்தனை தலையும் ஆடியது. அப்புறம் ஒவ்வொருத்தனாக வந்தான். வெதை மட்டுங்க. கெணத்து வடம் மட்டும் குடுத்துக்கறேனுங்க, பழைய வாடிக்கைங்க... சரி சரி என்றேன், அந்த வடத்தில்தானே அவர் அவள் தண்ணீரை இறைக்கிறார், எனக்கு எங்கே போயிற்று புத்தி? நாமகிரிப்பேட்டைச் சந்தையில் துணிக்கடை அப்துல் கரீம் பத்திரிகை படித்துச் சொன்னார், அபிசீனியாவுக்குள் இத்தாலிக்காரன் புகுந்துவிட்டானாம், ஐம்பது தேசம் ஜெனீவாவில் கூடி அவனோடு வியாபாரம் கூடாது என்று தீர்மானமாம், பெட்ரோலுக்கு மட்டும் தடையில்லையாம். அட கூறுகெட்டவங்களா, அதில்தானே அவன் லாரி ஓடுகிறது என்று கடை அதிரச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

காலையில் மகன் புது வேட்டியோடு வந்து நின்றான், "மாமன் மடியில்லாம எப்படிங்கப்பா காது குத்துவாங்க?" நான் போகாதே என்று சொன்னேனா, இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவன் அம்மாவும் பின்னாலேயே போய்விட்டாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது, ஒரு வாய் தண்ணீர் தர ஆளில்லை, எனக்கு அழுகை வருகிறது, இந்த வயசில்... வாசலில் நிழல், யாரது, குப்பாயி, கையில் வெற்றிலைத் தட்டு.

"எங்க கிளம்பிட்டே?"

"காது குத்துக்குங்க."

"உனக்காகத்தானே கட்டுப் போட்டேன்!"

"கோவிச்சுக்காதீங்க சாமி. நீங்க தீர்ப்புச் சொல்லிப்போட்டு ஊட்டுக்குப் போயிருவீங்க. நான் விடிஞ்சா அவரு வரப்பு மேலதானுங்க நடக்கோணும்."

போய்விட்டாள். அவளைத் திட்ட எனக்கு என்ன வாய் இருக்கிறது, நான் ஒரு நாளாவது அந்தக் கிணற்று மேட்டில் போய் நின்றேனா? மேளம் நின்றுவிட்டது, இலை போட்டிருப்பார்கள், ஊர் மொத்தமும் பந்தியில் உட்கார்ந்திருக்கும், பேச ஆளில்லாமல், ஒரு வாய் தண்ணீர் தர ஆளில்லாமல் கிடப்பது சென்னிமலையா, இல்லையே, அப்படியானால் கட்டு விழுந்தது யாருக்கு...