சுத்தமான ஸ்கேன்

1

காலை பதினொன்றே கால். வாசலில் ஆரம்பித்து உள்நோக்கித் தரைக்கு வர்ணம் அடித்துக்கொண்டே போன ஒரு பெயிண்டர், எதிர் மூலையில் சுவரோடு ஒட்டி நின்றார். சுற்றிலும் ஈரம். அது என் அறை. நான் எழுதும் இந்தக் கதை எனக்கு அங்கேதான் கிடைத்தது. மீதியெல்லாம் நான் கற்பனையாகக் கட்டியது.

"யாரு கதவ அங்க கொண்டுபோய் வச்சது?" என்றார்.

அவரோடு சேர்ந்து வேலை செய்யும் மனைவி வாசலில் நின்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. நேற்றுத் தொழிலுக்கு வந்தவன்கூடச் செய்யாத தப்பு.

2

கதையில், போன மாதம் அவர் சாரத்திலிருந்து விழுந்தார் என்பது வரை முடிவாகிவிட்டது. என்ன காயம் என்பதில்தான் தடுமாற்றம்.

முதலில், மண்டையோட்டைத் துளைத்து ஒரு கம்பி உள்ளே... (அடித்துவிட்டேன். எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற காயம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.)

அடுத்து ரத்தக்கட்டு. மூளையை அழுத்தும், உடனே திறந்து எடுக்க வேண்டி வரலாம். ஆம்புலன்ஸ், கையெழுத்து, பச்சைத் திரை. (பரபரப்பு தானாகவே வந்துவிடுகிறது. வேண்டாம்.)

மூளை கன்றிப்போவது ஒன்று. பெரும்பாலும் ஸ்கேனில் திட்டாகத் தெரியும், விரல் வைத்துக் காட்டலாம். மூளையதிர்ச்சி என்றால் அநேகம் பேர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். கதையும் அதோடு...

கடைசியில் இது: தலை சடாரென்று திரும்பி நிற்கிற வேகத்தில், மூளைக்குள் பரவலாக நரம்பிழைகள் இழுபட்டு அறுவது. ஸ்கேன் சுத்தமாகவே இருக்கலாம்.

இதை வைத்துக்கொண்டேன்.

3

மனைவியை முதலில் அழ வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் சண்டைக்காரி.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு நீங்கதானே டாக்டர் சொன்னீங்க?"

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னுதாம்மா சொன்னேன். அவருக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லலையே."

கணவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். "நான் நல்லாத்தான் இருக்கேன் சார். இவதான் முன்ன மாதிரி இல்ல. இவளுக்கு ஒரு ஸ்கேன் எடுங்க."

டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். வீடு போய்ச் சேர்வதற்குள் அதே நகைச்சுவையைக் கணவர் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதிதாக, அவளிடம் சொன்னார்.

4

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அவர் வேலைக்குப் போகிறார், ஒன்றும் ஆவதில்லை. மற்றதில் அவர் சாரத்தின் மேல் தட்டில் நின்று, பின்னால்

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

ஆகவே, மாலை. மேஸ்திரி மனைவியைப் போனில் கூப்பிடுகிறார். பெயிண்டர் வேலைச் சட்டையை மடித்து வைத்துவிட்டு அவள் எதிரில் வந்து நிற்கிறார். 'சரின்னு சொல்லு' என்று கையால் காட்டுகிறார். மாதம் முழுக்க அவர் முகம் இவ்வளவு தெளிவாக இருந்து அவள் பார்த்ததில்லை. இதற்கு மேல் எனக்குத் தெரியாது. போன் அவள் கையில் இருக்கிறது. நீங்களும் கேளுங்கள்.

"எட்டு மாடிம்மா, வெளிச்சுவரு. டாக்டரு கீக்டரு பேச்செல்லாம் விடு. கூடவே கெடக்குறவ நீ. நீயே சொல்லு தங்கச்சி, நாளைக்கு அவன மேல ஏத்தலாமா?"