நாறும் பாட்டில், நாறாத பாட்டில்

ஒரே பானையில் காய்ச்சிய பீர். ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே குழாயால் நிரப்பி மூடிய நூற்று முப்பது பாட்டில். எல்டன் ஹௌகன் திறந்தால் நாற்றத் திரவம் பீய்ச்சும் ஸ்கங்க் என்கிற பிராணி வாசலில் பீய்ச்சிவிட்டுப் போனதுபோல நாறியது. அவன் தங்கை ராக்ஸன் திறந்தால் ஆரஞ்சுத் தோல் வாசனை வந்தது.

புதன்கிழமை மட்டும் மூன்று முறை இப்படி ஆகிவிட்டது. சனிக்கிழமை ராக்ஸனுக்குக் கல்யாணம்.

"பீர்ல ஒண்ணுமில்ல. உன் மூக்குதான் செத்துப்போச்சு, எல்டன்."

"செத்த மூக்குக்கு நாத்தம் தெரியுமாடி? இந்தா, என் பாட்டில்ல ஒரு வாய் குடி."

குடித்தவள் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஓடினாள். "கடவுளே! இதைக் கொடுத்தா கல்யாணத்துக்கு வந்தவங்க கேக் வெட்டறதுக்கு முன்னாடியே காரை எடுத்துடுவாங்க!"

ஜனவரியிலேயே எல்டன் வாக்குக் கொடுத்திருந்தான்: கல்யாணத்துக்குக் கடை பீர் வேண்டாம், என் பீர்தான். புதிதாகக் காய்ச்சினால் குடிக்கத் தயாராக நான்கு வாரம் ஆகும். கைவசம் மூன்று நாள். இருப்பது கெட்டதென்றால் எல்லாவற்றையும் கொட்டவேண்டியதுதான்.

அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பேஸ்மென்டுக்கு இறங்கினான், ஏறினான், மறுபடி இறங்கினான். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு முதல் சந்தேகம் எப்போதும் அழுக்கின்மேல்தான். சரியாகக் கழுவாத பாட்டிலில் கிருமி வளர்ந்தால் கழுத்தில் மெல்லிய வளையம் படியும். அதைத் தேடித்தான் இரண்டு வாரமாக ஒவ்வொரு பாட்டிலாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய மஞ்சள் பல்பு மங்கலாக இருக்கிறதென்று ஷெல்ஃபுக்கு நேர்மேலே பளிச்சென்ற வெள்ளை எல்.ஈ.டி. டியூப் லைட் ஒன்றையும் மாட்டினான். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து பார்க்கத்தானே போகிறோம் என்று அதை அணைப்பதேயில்லை. வளையம் எதுவும் கிடைக்கவில்லை. கிருமி புகுந்தால் பீர் புளிக்கும்; இது புளிக்கவும் இல்லை. நாறியது, அவ்வளவுதான்.

"போதும், கொட்டிடலாம்," என்று ஷெல்ஃபிலிருந்து இரண்டு பாட்டிலைத் தூக்கினான்.

"கொஞ்சம் இரு. நான் எடுத்ததெல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"நீ எங்கேருந்து எடுத்தே?"

"மாடிப்படிக்குக் கீழே அட்டைப் பெட்டி இருக்குல்ல, அதுலேருந்து. அந்த ஷெல்ஃப் எனக்கு எட்டுமா? வீட்டையே ஒட்டகச்சிவிங்கிக்குக் கட்டின மாதிரி கட்டி வெச்சிருக்கே."

எல்டன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான். பிறகு மேலே டியூபைப் பார்த்தான். ஷெல்ஃபில் ஐம்பது பாட்டில் வெளிச்சத்தில் நின்றன. மூடிய அட்டைப் பெட்டிகளில் எழுபத்திரண்டு இருட்டில் கிடந்தன.

பீருக்குக் கசப்பைத் தருவது ஹாப்ஸ் பூ. அந்தக் கசப்புப் பொருளுக்கு வெளிச்சம் ஆகாது, அதிலும் வெளிச்சத்தில் கலந்திருக்கும் நீல ஒளி ஆகவே ஆகாது. நீல ஒளி பட்டால் அது உடையும். உடைந்த துண்டு பீரில் இருக்கும் கந்தகத்தோடு சேரும். அப்படிப் பிறப்பது ஸ்கங்க் பீய்ச்சும் திரவத்துக்கு நெருங்கிய சொந்தம். ஒரு குளத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும் என்கிற அளவுக்குக் கடுமையானது. பழுப்புக் கண்ணாடி நீல ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். எல்டன் பதினோரு வருஷமாகப் பழுப்புப் பாட்டிலில்தான் நிரப்பினான், அதனால் இந்தத் தொல்லை அவனுக்கு வந்ததே இல்லை. இந்த முறை தேன் நிறம் தெரியவேண்டுமென்று ராக்ஸன் ஆசைப்பட்டதால் தெளிந்த கண்ணாடி. மஞ்சள் பல்பில் நீலம் குறைவு, வெள்ளை எல்.ஈ.டி.யில் நிறைய. கெட்டிருக்கிறதா என்று பார்க்க விளக்கை அணைக்காமல் வைத்தே அவன் கெடுத்திருக்கிறான்.

ஊகம் போதாது. பெட்டியிலிருந்து இரண்டு பாட்டிலை எடுத்து டியூபுக்கு ஒரு சாண் கீழே வைத்தான். ஒன்றை மட்டும் அலுமினியத் தாளால் கழுத்துவரை சுற்றி, மூடியையும் மறைத்தான்.

"நாளைக்குச் சாயங்காலம் திறக்கலாம்."

"அதுவரைக்கும் நான் என்ன, நகத்தைக் கடிச்சுக்கிட்டிருக்கவா?"

"எனக்கும் ரெண்டு விரலை மிச்சம் வை."

வியாழக்கிழமை முழுக்க அவன் தான் வேலை பார்க்கும் மரக்கடையில் அளவைத் தப்புத் தப்பாக எழுதினான். மதியத்துக்குள் ராக்ஸன் ஐந்து முறை போனில் கூப்பிட்டாள். "திறந்துட்டியா?" "இல்ல." "இப்ப?" சாயங்காலம் இருவரும் கோட்டைக் கூடக் கழற்றாமல் பேஸ்மென்டுக்கு இறங்கினார்கள்.

தாள் சுற்றாத பாட்டில் நாறியது. தாளைப் பிரித்து மற்றதைத் திறந்தான். ஆரஞ்சுத் தோல்.

"அப்போ பெட்டியில இருக்கிற எழுபது?"

"நல்லாத்தான் இருக்கும். ஷெல்ஃப்ல இருக்கிறது திரும்பாது. ஆனா நீ சொன்ன மாதிரி புல்வெளியில மேஜைக்கு மேஜை அடுக்க முடியாது, ராக்ஸன். அந்த வெயிலுக்குச் சில நிமிஷம் போதும்."

அவள் முகம் சுருங்கியது. வெயில் பட்டு மினுங்கும் பாட்டில் வரிசையைத்தான் அவள் மாதக்கணக்காக மனதில் வைத்திருந்தாள். ஷெல்ஃபையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி விடு. பார்க்க நல்லா இருந்து யாருக்கு என்ன? குடிக்கிற மாதிரி இருக்கணும்."

ஷெல்ஃபில் இருந்ததைக் கொட்டினார்கள். டியூபை அணைத்தார்கள். எழுபது பாட்டிலும் அட்டைப் பெட்டியிலேயே, மூடியபடி, சனிக்கிழமைவரை இருட்டில் இருக்கும். கல்யாணம் நடக்கும் புல்வெளிக்குப் போனதும் மூடியுள்ள ஐஸ் பெட்டிக்குள், மர நிழலில். கேட்கிறவருக்கு ஒன்று எடுத்து, திறந்து, உடனே கையில் கொடுக்க வேண்டும். பெட்டியை மூடிவிட வேண்டும்.