பீன்ஸ் பாத்தியில் முட்டை ஓடு

ஜெயலக்ஷ்மிக்குச் சந்தேகம் சளி மாதிரி; பிடித்தால் லேசில் விடாது. ஆபீஸில் டைப்ரைட்டர் ரிப்பன் சீக்கிரம் தேய்ந்தால்கூட, எதிர் சீட்டுக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிட்டார் என்று இரண்டு நாள் முறைப்பாள். அப்படிப்பட்டவளுக்கு, பாத்தியில் பீன்ஸ் கன்றுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தபோது பூச்சியாக இருக்குமோ என்ற எண்ணம் எப்படி வரும்?

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் மௌரீன் வீட்டின் பின்கட்டில் அவளும் மகள் நிருபமாவும் பதினோரு வருஷமாகக் குடியிருந்தார்கள். புருஷன் போன கையோடு ஆறு வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தவள். அக்ரிமென்ட் என்று ஒரு காகிதம் கிடையாது, எல்லாம் வாய்வார்த்தைதான். மௌரீன் முன்கட்டில் தனியாக இருந்தாள். அறுபத்தெட்டு வயது, ஒரே மகன் நோயல் மெல்பர்னில். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பின்கட்டுக்காரர்களுக்கென்று முட்டை போடாமல் தனியாக ஒரு கேக் செய்வாள்.

ஆனால் தொண்ணூற்றாறாம் வருஷம் அந்தத் தெருவில் காற்று மாறியிருந்தது. நாலு பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். செப்டம்பரில் நோயல் வந்தான்; காம்பவுண்டைச் சுற்றி டேப் பிடித்து அளந்துவிட்டு, ஜெயலக்ஷ்மியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனான். இந்த வீடும் இடிபடப்போகிறது என்று அவள் அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டாள். இந்த வாடகைக்கு இனி ஊருக்கு வெளியே ஹெப்பகோடிப் பக்கம் போனால்தான் வீடு கிடைக்கும். நிருபமாவுக்கு மார்ச்சில் பி.யூ.சி. பரீட்சை. இந்த நேரத்தில் வீட்டை விட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

பின்பக்கக் குழாயடி ஓரம் ஒரு வரிசை பீன்ஸும் ஒரு வரிசை பட்டாணியும் போட்டிருந்தாள். தீபாவளி சமயத்தில் முளை விட்டு, நாலு இலையோடு நின்றன. ஒரு நாள் காலையில் இரண்டு கன்றுகள் தரையோடு அறுந்து கிடந்தன. மறுநாள் மூன்று. கத்தரி வைத்து நறுக்கின மாதிரி சுத்தமான வெட்டு. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புழுவும் இல்லை, நத்தையும் இல்லை. எலி என்றால் மண்ணைப் பறித்திருக்கும், குருவி என்றால் இலையைக் கொத்தியிருக்கும். செடியை வெட்டி, தின்னாமல் போட்டுவிட்டுப் போகிற பூச்சி எந்த ஊரில் இருக்கிறது? அப்படிச் செய்வது மனுஷ ஜாதி ஒன்றுதான் என்று முடிவு கட்டினாள்.

கிழிந்த கொசுவலையைப் போர்த்திப் பார்த்தாள். எலுமிச்சை முள்ளை வெட்டிச் சுற்றிலும் செருகினாள். அப்படியும் கன்றுகள் விழுந்தன. லால்பாக் பக்கம் நர்சரியில் கேட்டுப் பாரேன் என்று நிருபமா சொன்னதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரக் கடைசியில்தான் பாத்தியில் வெள்ளையாக என்னவோ மினுங்கியது. குனிந்து பார்த்தாள். நொறுக்கின முட்டை ஓடு. ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் வளையமாக, பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தது. முட்டை வாசனை பட்ட தட்டைக்கூடத் தொடாத குடும்பம் அது. அவள் சாப்பிடப்போகிற செடியின் காலடியில் முட்டை ஓட்டைக் கொட்டுவதற்கு என்ன அர்த்தம்? எழுந்து போ என்பதைத் தவிர வேறு என்ன? காம்பவுண்டுக்குள் முட்டை வாங்குகிற கை ஒன்றுதான் உண்டு. ஓட்டை ஒன்று விடாமல் முறத்தில் அள்ளி வெளியே கொட்டினாள். சாயங்காலம் எதிரில் வந்த மௌரீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஜெயலக்ஷ்மி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

மறுநாளிலிருந்து சமையலறை ஜன்னலில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றாள். மூன்றாவது நாள், இன்னும் சரியாக விடியவில்லை. சர்ச்சுக்குப் புறப்பட்ட கோலத்தில் மௌரீன் டார்ச்சோடு பின்பக்கம் வந்தாள். பாத்தி ஓரம் முட்டி வலியோடு மெல்ல உட்கார்ந்து மண்ணைக் கிளறினாள்.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று ஜெயலக்ஷ்மி கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தாள்.

“நாங்க காலி பண்ணணும்னா நேரா சொல்லிடுங்கோ ஆன்ட்டி. செடியை அறுத்து, முட்டை ஓட்டைக் கொட்டி விரட்ட வேண்டாம். பதினோரு வருஷம் பக்கத்துல இருந்தும் உங்க புத்தி எனக்குத் தெரியாம போச்சு.”

மௌரீன் குழாயைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கையிலிருந்த பால் டின்னை நீட்டி, டார்ச்சை அதற்குள் அடித்தாள். சோப்புத் தண்ணீரில் மண் நிறத்தில் ஏழெட்டுப் புழுக்கள் சுருண்டு கிடந்தன.

“வெட்டுப்புழு,” என்றாள். “பகல்ல மண்ணுக்குள்ள போயிடும். விடியறதுக்கு முன்னாடி வந்தாதான் ஆப்டும். முட்டை ஓடு போட்டா கிட்ட வராதும்பாங்க. சொன்னா நீ வேணாம்பே. அதான் சொல்லல.”

டின்னைப் பாத்தி ஓரம் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவள் சர்ச்சுக்குப் போகவில்லை.

ஜெயலக்ஷ்மிக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல் இருந்தது. மன்னிப்புக் கேட்க நான்கு நாள் ஆயிற்று; ஆபீஸில் கடிதம் டைப் அடிக்கும்போதெல்லாம் அந்த வாக்கியத்தைத்தான் மனசுக்குள் அடித்து அடித்துத் திருத்திக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் முன்கட்டுக்குப் போனாள். மௌரீன் நாற்காலி போட்டாள், டீ கொடுத்தாள். எல்லாம் வழக்கம்போல நடந்ததே ஜெயலக்ஷ்மிக்குப் பயமாக இருந்தது. தப்புப் பண்ணிட்டேன் ஆன்ட்டி, மனசுல வச்சுக்காதீங்கோ என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

வீட்டை விக்கிறதுக்கு நோயல் பேப்பர் அனுப்பி ரெண்டு மாசமாச்சு என்று மௌரீன் ஆரம்பித்தாள். நீங்கள் இரண்டு பேரும் எங்கே போவீர்கள் என்றுதான் கையெழுத்துப் போடாமல் அலமாரியில் வைத்திருந்தாளாம். மகன் போனில் சத்தம் போட்டதெல்லாம்கூட அதற்காகத்தானாம்.

“கோவம்லாம் போயிடுச்சு ஜெயா. ஆனா இப்ப பின்பக்கம் வரணும்னா, நீ ஜன்னல்ல நிக்கிறியான்னு பாத்துட்டுதான் வர்றேன். என் வீட்டுல எனக்கு அது வேணாம். நேத்து கையெழுத்துப் போட்டுட்டேன். புள்ள பரீட்சை முடியற வரைக்கும் இருங்க, நோயல்கிட்ட சொல்லியிருக்கேன்.”

நன்றாகத் திட்டியிருந்தால் தேவலை. ஜெயலக்ஷ்மி பாதி டீயோடு எழுந்து வந்தாள். மகளிடம் வீடு போகிறது என்று மட்டும் சொன்னாள்; எதனால் என்று சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு கன்றுகூட விழவில்லை. தினமும் ஐந்து மணிக்கு எழுந்து, டார்ச்சும் டின்னுமாக அவளே புழு பொறுக்கினாள். பீன்ஸ் கொம்பைப் பிடித்துக்கொண்டு ஏறியது, பட்டாணி வெள்ளையாகப் பூத்தது. முன்கட்டில் விளக்கு எரிந்ததும் வேலையைப் பாதியில் விட்டு உள்ளே வந்து, சமையலறை ஜன்னலையும் சாத்திவிடுவாள், மௌரீன் தாராளமாக வெளியே வரட்டும் என்று. சாத்தின ஜன்னலுக்குப் பின்னால் நின்று, குழாயடியில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காத்திருப்பாள். மார்ச் வரைக்கும் அந்தச் சத்தம் கேட்கவில்லை.