வட்டக் கையெழுத்து

கட்சி தொடங்க நூறு கையெழுத்து வேண்டும் என்பது சட்டம். அந்தத் தெருக்காரர்கள் நூற்று மூன்று வாங்கிவிட்டார்கள். வாங்கிய விதத்தில்தான் கோளாறு.

தையல்கார அக்காவுக்கு அரசியல் ஆசையெல்லாம் கிடையாது. எரிவாயு வரிசையில் மூன்று நாள் அடிதடி நடந்தபோது, துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியால் காலி சிலிண்டர்களுக்கு எண் போட்டாள், அவ்வளவுதான். கவுன்சிலரின் ஆள் பத்து சிலிண்டரோடு நடுவில் நுழையப் பார்த்தான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவன் வண்டியை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்தபோது கட்சி ஆரம்பிக்கலாம் என்ற பேச்சு வந்துவிட்டது. ஆட்சி அந்த லட்சணத்தில் இருந்தது. மருந்தில்லை, மின்சாரமில்லை, ஏன் என்று கேட்டால் போலீஸ் ஜீப் மட்டும் உடனே வரும்.

அந்த ஜீப்தான் பயம். பக்கத்து ஊரில் இப்படி மனுக் கொடுத்தபோது முதல் பெயர்க்காரரை ஏற்றிக்கொண்டு போனவர்கள் ஒரு மாதம் கழித்துத்தான் விட்டார்கள். அதனால் முதல் கையெழுத்துப் போட ஆளில்லை. அதே தெருவிலிருந்த பஸ் டிரைவர் ஒருவன் யோசனை சொன்னான். பெரிய தாளில் அண்டா மூடியைக் கவிழ்த்து வட்டம் போட்டு, சுற்றிலும் பெயர், வீட்டு எண், கையெழுத்து வாங்கினார்கள். முதலும் இல்லை, கடைசியும் இல்லை.

அக்காவும் போட்டாள், கணவருக்குத் தெரியாமல். அவர் அரசாங்கத் தண்ணீர் நிலையத்தில் பம்பு ஓட்டுகிறவர். வீட்டில் சம்பளம் என்று வருவது அது ஒன்றுதான். "ஊர் வம்பை வீட்டுக்குள்ள கொண்டுவராதே" என்று தினமும் பாட்டுப் பாடுவார்.

அக்காவும் டிரைவரும் தேர்தல் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். அதிகாரி தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"என்னம்மா இது, மனுவா, வண்டிச் சக்கரமா? ஒன்னு, ரெண்டுன்னு நம்பர் போட்டுக் குடுங்க. ஒன்னாம் பேர்தான் தலைவர்னு கெஜட்டுல வரும். இன்னைக்குக் கடைசி நாள். நாலு மணிக்கு ஜன்னலை மூடிடுவேன்."

மணி மூன்றரை. "ஒன்னை எனக்கே போட்டுடுங்கக்கா" என்றான் டிரைவர். குரல் என்னவோ வேண்டாம் என்றது. போன மாதம்தான் அவனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. இங்கே இல்லாத எவர் தலையிலாவது ஒன்றைக் கட்டிவிடலாமா என்றுகூட அக்கா நினைத்தாள். பொய் சொல்வானேன், நினைத்தாள். அப்படி ஓர் ஆளைத் தேடித்தான் தாளைச் சுழற்றிக்கொண்டே வந்தாள். வட்டமாக எழுதியதில் அவரவர் பக்கத்துப் பெயரைத் தவிர யாரும் எதையும் படித்திருக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில், தலைகீழாக, அவள் கணவரின் கையெழுத்து இருந்தது.

"தம்பி, இதை யாரு வாங்கினது?"

"நான்தான்க்கா, பம்பு ஹவுஸ்ல வச்சு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. தெரிஞ்சா அவ பயந்துருவான்னாரு."

"அடப்பாவி மனுஷா!" அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு தன் பெயருக்கு ஒன்று என்று போட்டாள். அங்கிருந்து வரிசையாகச் சுற்றி எண்ணியதில் அவருக்கு ஐம்பத்தெட்டு விழுந்தது.

அதிகாரி விரல் வைத்துச் சரிபார்த்தார். "ஒன்னும் அம்பத்தெட்டும் ஒரே வீடா இருக்கே. புருஷனா?"

"ஆமா."

"கவர்மென்ட் வேலை போயிடும்மா." நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். "அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

"இப்ப மட்டும் சாப்பிட்டுட்டா இருக்கோம்?" என்றாள் அக்கா. "சீல் குத்துங்க சார்."