அடங்காமல் அதிர்ந்த படலம்

பிப்ரவரி 11, செவ்வாய். நேற்றைய பக்கத்தில் படலத்தின் தடிமனை நானோமீட்டருக்குப் பதில் மைக்ரோமீட்டர் என்று எழுதிவிட்டேன். ஆயிரம் மடங்கு பிழை. திருத்தியாயிற்று.

ஆய்வுக் குறிப்பேட்டில் இதை எழுதி முடித்தவள், மாலை வகுப்புக்குக் கிளம்புமுன் கைப்பைக்குள் செல்லோடேப் இருக்கிறதா என்று மறுபடியும் பார்த்துக்கொண்டாள்.

அக்கா வீட்டுக்காரரும் அவளும் ஒரே வகுப்பு. சிலிக்கான் தட்டின்மேல் ஆளுக்கொரு படிகப் படலம் பூசியிருந்தார்கள். லேசரின் ஒரு துடிப்பு படலத்தைத் தட்டும். நினைத்துப் பார்க்க முடியாத சின்ன இடைவெளி விட்டு வரும் அடுத்த துடிப்பு, உள்ளே எழுந்த ஒலி எப்படி அதிர்கிறது என்று காட்டிக்கொடுக்கும். யார் படலம் நல்லதோ அவருக்கே இந்தப் பருவம் முழுக்க லேசர் மேசை.

போன வாரம் அவளுடைய படலத்தின் அதிர்வு சட்டென்று அடங்கிப்போனது. "ரெண்டு இருமல் இருமிட்டுப் போய்ச் சேந்துடுச்சு," என்றார் மாமா. வகுப்பே சிரித்தது. வீட்டில் சாப்பிடும்போது அதை நடித்தும் காட்டினார். அக்காவும் சிரித்தாள். அதுதான் ஆறவில்லை.

வாரம் முழுக்கக் கணக்குப் போட்டாள். தன்மேல் நம்பிக்கை வராமல் திரும்பவும் போட்டாள். தட்டை இறுகப் பிடித்த படலத்தில் ஒலி கீழே இறங்கிக் கரைந்துவிடும். சரியாக ஒட்டாத படலம்தான், ஒலிக்குப் போக வழியில்லாமல், அதிர்ந்துகொண்டே கிடக்கும்.

இன்று திரையில் மாமாவின் அலை நீண்டுகொண்டே போனது. "பாத்தீங்களா மேடம், நிக்கவே மாட்டேங்குது!" என்று ஆசிரியையிடம் பூரித்தார்.

"சூப்பர் மாமா," என்றாள் இவள், தேன் ஒழுக. "டேப் ஒட்டி இழுத்துக் காட்டுங்களேன். எவ்ளோ உறுதின்னு எல்லாரும் பாக்கட்டும்."

"இதுக்கென்ன, குடு!"

அவரே ஒட்டினார். அவரே இழுத்தார். படலம் முழுசாக டேப்போடு வந்துவிட்டது. தட்டு மொட்டையாக மின்னியது. யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு அது ஒரு குறையாகவே பட்டது.

"தெரிஞ்சேதானே சொன்ன?" என்றார் மாமா.

"ஆமா. இதையும் வீட்ல நடிச்சுக் காட்டுங்க."

ஆசிரியை டேப் சுருளை எடுத்து அவளிடமே நீட்டினார். "உன்னோடது மட்டும் ஒட்டியிருக்குன்னு யாரு பாத்தா? நாளைக்கு அதையும் இழுக்கணும்."

கணக்கு எங்காவது இடறியிருந்தால்? ஆனாலும் அந்த மொட்டைத் தட்டு கண்ணை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் எழுதினாள்:

நாளை: என் படலத்தில் டேப் ஒட்ட வேண்டும். இழுப்பது மாமாவாக இருக்கட்டும் என்று மேடத்திடம் கேட்க வேண்டும்.